எண்ணும் பெயரும்: போக்கிமான் விளையாட்டில் இருவகை ஆடுநரும் மொழிபெயர்ப்பும்

1.0 முன்னுரை

விளையாட்டு ஒன்றை ஆடுவோர் அனைவரும் ஒரே நோக்கத்துடன் ஆடுவதில்லை. சிலர் ஆட்டத்தின் சுவைக்காக ஆடுகின்றனர். சிலர் வெல்வதற்காக ஆடுகின்றனர். இவ்வேறுபாடு எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானதே. ஆயினும், சொற்களால் பெரிதும் கட்டமைக்கப்பட்ட விளையாட்டுகளில் இது மொழிச்சிக்கலாகவும் உருவெடுக்கிறது. விந்தை உயிரிகளைப் பிடித்துச் சேகரித்து வளர்த்துப் பொருதவிடும் ஜப்பானிய வீடியோ விளையாட்டான போக்கிமான் இதற்குத் தக்க சான்று. இதில் வரும் ஒரு சொல்லை ஒரு சாரார் அதன் பொருளுக்காகப் படிக்கின்றனர். மற்றொரு சாரார் அச்சொல் மறைத்து வைத்திருக்கும் எண்ணுக்காகப் படிக்கின்றனர். இவ்விரு சாரார்க்கும் கிடைப்பதோ ஒரே மொழிபெயர்ப்பு.

சுவைக்காக ஆடுவோர் போட்டிக்காக ஆடுவோரின் முதிராத வடிவினர் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வெண்ணத்தை ஏற்றால், சொற்பொருள் வெறும் அணிகலன் என்றும் எண்ணே உண்மை என்றும் மொழிபெயர்ப்பாளர் கருத நேரும். இக்கட்டுரை அதனை மறுக்கிறது. மூலச்சொல்லின் பொருள் கைவிடப்பட்ட இடங்களில் சுவைக்காக ஆடுவோர் மட்டுமன்றிப் போட்டிக்காக ஆடுவோரும் இழப்புக்கு உள்ளாகின்றனர் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் நிறுவ முற்படுகிறது.

2.0 விளையாட்டின் அமைப்பு

போக்கிமான் விளையாட்டின் முதல் இரு பதிப்புகள் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தன. கேம் ஃபிரீக் நிறுவனத்தைச் சேர்ந்த சத்தோஷி தஜிரி இதனை உருவாக்கியவர். சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேகரித்த பழக்கமே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று என்பது நன்கறியப்பட்ட செய்தி. ஒரு பதிப்பில் கிடைக்கும் சில உயிரிகள் மற்றதில் கிடைப்பதில்லை. எனவே முழுத் தொகுப்பையும் நிறைவுசெய்ய விரும்புவோர் வேறொருவருடன் பண்டமாற்றுச் செய்தே ஆக வேண்டும். தொடக்கத்தில் 151 ஆக இருந்த உயிரிகளின் எண்ணிக்கை இன்று ஆயிரத்தைக் கடந்துள்ளது.

சேகரிப்பும் பொருதலும் இவ்விளையாட்டில் தொடக்கம் முதலே உடனிருப்பவை. ஒவ்வோர் உயிரிக்கும் பெயர், வகை, தோற்றம், சிறு வருணனை ஆகியவை உண்டு. இவை திரையில் தெரிவன. இவற்றின் அடியில், உயிர்ப்பு, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, விரைவு என ஆறு திறனளவுகள் எண்களாக இயங்குகின்றன. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு உயிரிகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. 2002ஆம் ஆண்டுப் பதிப்புகள் தொடங்கி, ஒவ்வொரு திறனளவுக்கும் 0 முதல் 31 வரையிலான பிறவி எண் ஒன்று உயிரி தோன்றும்போதே அமைந்துவிடுகிறது. பயிற்சியால் சேரும் எண் வேறு. அதன் மொத்த உச்சவரம்பு 510. நெடுங்காலம் இவ்வெண்கள் ஆட்டத்தினுள் எங்கும் எண்ணாகக் காட்டப்படவில்லை. ஆடுநரே அவற்றைக் கணக்கிட்டுக் கண்டு, தமக்குள் பெயரிட்டு வழங்கினர். ஜப்பானிய ஆடுநர் இனத்துக்குரிய எண்ணை 'ஷுஸொகுச்சி' (இனமதிப்பு) என்றும், பிறவி எண்ணைக் 'கொதைச்சி' (தனியுயிரி மதிப்பு) என்றும், பயிற்சி எண்ணை 'தோரியொகுச்சி' (முயற்சி மதிப்பு) என்றும் அழைத்தனர். இனம், தனியுயிரி, முயற்சி என்னும் இம்முப்பாகுபாடு ஆடுநர் குழுவொன்று தானே படைத்துக்கொண்ட கலைச்சொல் தொகுதி என்பதும், அது தன்னளவில் முறைமை வாய்ந்தது என்பதும் மொழியியலார் கருதத்தக்கவை.

3.0 ஆடுநரைக் குறிக்கும் சொற்கள்

சுவைக்காக ஆடுவோரை ஆங்கிலம் 'கேஷுவல்' என்கிறது. தற்செயலானது, ஒழுங்காக நிகழாதது என்பன அச்சொல்லின் அடிப்படைப் பொருள்கள். நம் அலுவலகத் தமிழில் 'கேஷுவல் லீவ்' என்பதற்குத் 'தற்செயல் விடுப்பு' என்னும் பெயர் நிலைபெற்றுள்ளதும் இப்பொருள் பற்றியே. ஆனால் தம் தொகுப்பை நிறைவுசெய்யப் பல நூறு மணி நேரம் செலவிடும் ஒருவரைத் தற்செயலாக ஆடுபவர் என்று கூறுவது பொருந்தாது. இச்சொல் அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லாமல், எது அவரிடம் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அஃதாவது, இது எதிர்மறையால் அமைந்த பெயர்.

ஜப்பானிய வழக்கு இதனின் வேறுபட்டது. அங்குச் சுவைக்காக ஆடுவோர் 'என்ஜாய்-ஸெய்'. போட்டிக்காக ஆடுவோர் 'கச்சி-ஸெய்'. 'ஸெய்' என்பது படை அல்லது அணியைக் குறிக்கும் சொல். 'கச்சி' என்பது சுமோ மற்போர்க் குழூஉக்குறியான 'கச்சிங்கோ' என்பதன் மரூஉ. விட்டுக்கொடுக்காமல் மெய்யாகவே பொருதும் மற்போரை அது குறிக்கும். முதற்சொல்லின் முற்பகுதி ஆங்கிலத்திலிருந்து கடன்பெற்றது எனினும், ஆங்கிலேயர் பயன்படுத்தாத முறையில் பயன்படுத்தப்பட்டுள்ளது. மகிழ்வோர் அணி, மெய்யாகப் பொருவோர் அணி என இரண்டும் உடன்பாட்டுப் பெயர்கள். இரண்டும் 'அணி' என்னும் ஒரே பின்னொட்டைக் கொண்டிருப்பதால் ஒன்றன்கீழ் ஒன்று அடங்குவதில்லை.

தமிழில் 'விளையாட்டாக' என்னும் வினையடை, மெய்யாக அன்றி என்னும் பொருளைத் தருகிறது. சிறுவர் ஆட்டத்தில் கணக்கில் சேர்க்கப்படாமல் உடன் ஓடும் சிறுபிள்ளைக்கு 'ஒப்புக்குச் சப்பாணி' என்னும் வழக்கும் உண்டு. கவனமின்றி மொழிபெயர்ப்பவர் சுவைக்காக ஆடுவோரை இவ்விடத்தில் கொண்டு நிறுத்திவிடக் கூடும். எனினும் நம் மரபில் விளையாட்டுக்கு வேறொரு மதிப்பும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை தோன்றும் நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைக்கிறது. வெற்றி அங்கு நிபந்தனையாகச் சொல்லப்படவில்லை. இவற்றைக் கருத்திற்கொண்டு, 'நயந்தாடல்', 'பொருதாடல்' என்னும் இணைச்சொற்களை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. இரண்டும் வினையெச்சத்தோடு தொழிற்பெயர் சேர்ந்த ஒரே அமைப்பின, இரண்டும் ஆடுநர் செய்வதைக் கூறுகின்றன, இல்லாததைக் கூறுவதில்லை. இனிவரும் பகுதிகளில் இச்சொற்களே ஆளப்படுகின்றன.

4.0 இயல்புப் பெயர்கள்

2002ஆம் ஆண்டுப் பதிப்புகளில் ஒவ்வோர் உயிரிக்கும் ஓர் 'இயல்பு' சேர்க்கப்பட்டது. பிடிவாதம், அடக்கம், அச்சம் என 25 இயல்புகள் உள்ளன. அவற்றுள் 20 இயல்புகள் ஒரு திறனளவை 10 விழுக்காடு கூட்டி மற்றொன்றை 10 விழுக்காடு குறைக்கும். எஞ்சிய ஐந்தும் மாற்றம் எதனையும் விளைவிப்பதில்லை. நயந்தாடுபவர்க்கு இச்சொல் தம் உயிரியின் குணத்தைக் கூறுகிறது; பொருதாடுபவர்க்கோ கூட்டலும் கழித்தலும் ஆகிய கணக்கு ஒன்றைக் கூறுகிறது.

இவ்விரு வாசிப்பும் மூலமொழியில் ஒன்றையொன்று தாங்கி நிற்பது கவனிக்கத்தக்கது. 'ஒகுபியோ' என்னும் ஜப்பானிய இயல்புக்குக் கோழைத்தனம் என்பது பொருள். இவ்வியல்பு விரைவைக் கூட்டித் தாக்குதலைக் குறைக்கிறது. அஞ்சுபவன் அடிக்கமாட்டான், ஆனால் விரைந்து ஓடுவான் என்னும் உலகறிவு எண்ணுக்குள் புகுந்துள்ளது. இதனைத் தமிழில் 'கூச்சம்' என்று மென்மைப்படுத்தினால், கூச்சத்துக்கும் விரைவுக்கும் தொடர்பு எதுவும் புலப்படாது. 'அச்சம்' என்றோ 'பயந்தாங்கொள்ளி' என்றோ கூறின் தொடர்பு தானே விளங்கும். 25 இயல்புகளையும் நினைவில் இருத்த வேண்டிய பொருதாடுநர்க்குக் காரணப்பெயரே உதவுகிறது. இடுகுறியாக்கப்பட்ட பெயரை அவர் மனப்பாடமே செய்ய வேண்டும்.

இங்கு ஒரு தடையும் எழக்கூடும். 2019ஆம் ஆண்டுப் பதிப்புகளில் புதினா இலை போன்ற ஒரு பொருள் அறிமுகமாயிற்று. அதனை உயிரிக்குக் கொடுத்தால் திறனளவுகள் வேறோர் இயல்புக்குரியனவாக மாறுகின்றன. ஆனால் திரையில் இயல்பின் பெயர் முன்பிருந்தவாறே நிற்கிறது. சொல்லும் எண்ணும் பிரிக்கப்பட்டுவிட்டமையால் சொற்பொருளின் தேவை அற்றுப்போயிற்று எனச் சிலர் வாதிடலாம். ஆனால் இந்நிகழ்ச்சி மறுதலையையே காட்டுகிறது. எண் மட்டுமே பொருட்டாயின், பெயரையும் சேர்த்து மாற்றுவது எளிது. அவ்வாறு செய்யாமல் விட்டமையால், கணக்கு மாறினாலும் உயிரியின் குணம் குணமாகவே நிற்கிறது.

5.0 ஆறு சொற்களும் 32 எண்களும்

மேற்கூறிய பிறவி எண்களை மதிப்பிடும் வசதி ஒன்று 2016ஆம் ஆண்டுப் பதிப்புகளில் திரையில் இடம்பெற்றது. அதுவும் எண்ணைத் தருவதில்லை. ஆறு சொற்களையே தருகிறது. 31 எனில் 'மிகச் சிறந்தது'. 30 எனில் 'அற்புதம்'. 26 முதல் 29 வரை, 16 முதல் 25 வரை, 1 முதல் 15 வரை என இறங்கி, கடைசியாக 0 என்பதற்கு ஒரு சொல். அக்கடைச் சொல்லே நம் கவனத்துக்குரியது. ஜப்பானிய மூலம் 'தமே-கமோ' என்கிறது. உதவாது போலும் என்பது அதன் பொருள். ஆங்கிலம் ஐயப்பொருளை நீக்கி 'உதவாது' என்னும் பொருளில் உறுதியாகக் கூறிவிட்டது.

ஆனால் 0 என்பது எப்போதும் உதவாததன்று. 2006இல் அறிமுகமான வித்தை ஒன்று, ஐந்து சுற்றுகளுக்கு ஆட்டவரிசையைத் தலைகீழாக்குகிறது. விரைவு குறைந்ததே முதலில் தாக்கும். அதனை நம்பி அணி அமைப்பவர் விரைவில் 0 உடைய உயிரியையே தேடுகிறார். 2010இல் வந்த மற்றொரு வித்தை, எதிரியின் தாக்குதல் எண்ணைக் கொண்டே எதிரியைத் தாக்குகிறது. அதற்கு அஞ்சுபவர், சிறப்புத் தாக்குதலை மட்டும் நம்பும் தம் உயிரிக்குத் தாக்குதல் எண் 0 ஆக இருக்க வேண்டும் என விரும்புகிறார். ஆக, பொருதாடலில் 'உதவாது' என்னும் முத்திரை சில வேளைகளில் விரும்பித் தேடப்படும் சிறப்பாகிறது. 'போலும்' என்னும் ஐயக்கிளவி மூலத்தில் முகமன் கருதி இடப்பட்டிருக்கலாம். எனினும் பொருளளவில் அதுவே துல்லியமானது. ஆங்கிலத்தின் உறுதிமொழியோ நயந்தாடுநரைத் தம் உயிரி பற்றி வருந்தச் செய்கிறது. பொருதாடுநர்க்குப் பொய்யாகவும் முடிகிறது. ஐயம், வாய்ப்பு முதலான வினைநோக்குகளை 'அலங்காரம்' எனக் கருதி விடுத்தல் எவ்வளவு பிழைபட்டது என்பதற்கு இச்சிறு இடைச்சொல் போதிய சான்று.

6.0 தீமையும் இருளும்

ஒவ்வோர் உயிரியும் நெருப்பு, நீர், புல் போன்ற வகைகளுள் ஒன்றையோ இரண்டையோ சார்ந்தது. முதலில் 15 ஆக இருந்த வகைகள் 1999இல் 17 ஆகவும், 2013இல் 18 ஆகவும் பெருகின. 1999இல் சேர்ந்த ஒரு வகைக்கு ஜப்பானியப் பெயர் 'அகு', அஃதாவது தீமை. கொரியமும் சீனமும் இதனைத் தீமை என்றே வழங்குகின்றன. ஸ்பானியம் கேடு சூழ்வது என்னும் பொருள்படும் சொல்லைத் தேர்ந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவை இருளைக் குறிக்கும் சொற்களைக் கொண்டன. ஜெர்மன் 'ஒளியின்மை' எனப் பொருள்படும் அருஞ்சொல் ஒன்றை ஆள்கிறது.

இவ்வகையின் வித்தைகளை நோக்கின் எப்பெயர் பொருந்துவது என்பது தெளிவாகும். ஏமாற்றித் தாக்குதல், எதிர்பாராமல் அடித்தல், திருடுதல், வலியச் சண்டைக்கிழுத்தல், முகத்துதி செய்தல், சூதாட்டத்தில் மோசடி செய்தல் என்பனவே இவற்றின் மூலப் பெயர்கள். இவற்றுள் ஒன்றேனும் இருளைக் குறிப்பதன்று. அறவழி நில்லாத சண்டைமுறை என்பதே அனைத்தையும் இணைக்கும் பொருள். நேர்மையான தற்காப்புக் கலையைக் குறிக்கும் 'ககுதோ' வகைக்கு இது தோற்கிறது என்னும் விதியும் இப்பொருள் பற்றியே விளங்குவது. இருள் ஏன் மற்கலைக்குத் தோற்க வேண்டும் என ஆங்கில ஆடுநர் வினவினால் விடையில்லை. விதியை மனனம் செய்வதே வழி.

ஒரு தேர்வு பின்வரும் தேர்வுகளையும் தன்வழி இழுத்துச் செல்லும் என்பதற்கும் இவ்வகை சான்றாகிறது. 2006இல் வந்த 'ட்சுஜிகிரி' என்னும் வித்தைக்கு, வாளின் கூர்மையைச் சோதிக்கத் தெருவழிப் போவோரை வெட்டுதல் என்பது பொருள். பண்டை ஜப்பானின் கொடுஞ்செயல் ஒன்றின் பெயர் அது. ஆங்கிலம் இதனை இரவில் வெட்டுதல் எனப் பெயர்த்தது. வகையை 'இருள்' என முன்னரே கூறிவிட்டமையால் வித்தையிலும் இரவு புகுந்தது, தீமை மறைந்தது. தமிழில் இவ்வகைக்குப் பெயரிட நேர்ந்தால் 'இருள்' என்பதைத் தவிர்த்து, 'வஞ்சம்' என்பதை எண்ணிப் பார்க்கலாம். மேற்கூறிய வித்தைகள் பெரும்பாலும் அதனுள் அடங்கும்.

7.0 உயிரிகளின் பெயர்

விளையாட்டின் கணிப்பொறிக்கு உயிரியின் பெயர் தேவையில்லை, எண்ணே போதும். பிக்காச்சுவின் வரிசை எண் 25. வெவ்வேறு மொழிப்பதிப்புகளில் ஆடும் இருவர் மோதும்போது, ஒரே உயிரி இருவர் திரையிலும் வெவ்வேறு பெயருடன் தோன்றலாம். ஆட்டத்துக்கு அதனால் ஊறில்லை. ஆகவே பெயர் மனிதர்க்காகவே உள்ளது. 2016இல் சீனப் பதிப்புகளுக்கெனப் பெயர்கள் ஒருமைப்படுத்தப்பட்டபோது, ஹாங்காங்கில் வழங்கிவந்த பிக்காச்சுவின் கண்டோனியப் பெயர் கைவிடப்பட்டது. புதிய எழுத்துகள் மண்டாரின் ஒலிப்பில் மூலத்துக்கு நெருங்கியன. கண்டோனிய ஒலிப்பிலோ 'பெய்-கா-யாவ்' என்பதுபோல் ஒலிப்பன. அவ்வாண்டு மே மாதம் அங்குள்ள ஜப்பானியத் துணைத்தூதரகத்தை நோக்கி எதிர்ப்பு ஊர்வலம் சென்றது. எண் மாறவில்லை, திறனளவு மாறவில்லை, படமும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. அதனுடன் தம் மொழியின் இடமும் மாறுகிறது என மக்கள் உணர்ந்தனர்.

பெயர் எண்ணிலிருந்து முற்றிலும் விலகியதும் அன்று. கெய்யோ பல்கலைக்கழக ஒலியியலாளர் ஷிகெதோ கவஹாராவும் உடனாய்வாளரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஜப்பானியப் போக்கிமான் பெயர்களில் ஒலிப்புடைய தடையொலிகள் மிகுந்தோறும் உயிரியின் எடை, உயரம், ஆற்றல் ஆகியவையும் மிகும் போக்கு உள்ளதெனக் காட்டியது. 'கொக்கொதோரா' 60 கிலோ. அது வளர்ந்து 'கொதோரா' ஆகும்போது 120 கிலோ. இறுதியில் 'பொஸுகொதோரா' ஆகும்போது 360 கிலோ. முதல் இரண்டில் ஒலிப்பிலா ஒலியாக இருந்த ககரம், மூன்றாவதில் ஒலிப்புடையதாகிறது. மொழிமுதற் பகரமும் அங்கு ஒலிப்புடையதே. இவ்வாறு ஒலியே அளவை உணர்த்துகிறது.

தமிழ் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. நம் வல்லினத்தின் ஒலிப்பு இடம் பற்றியது. மொழிமுதலில் ஒலிப்பின்றியும், மெல்லினத்தின் பின் ஒலிப்புடனும் நிகழ்கிறது. சிறிய உயிரிக்கு ஒன்றும் பெரிய உயிரிக்கு ஒன்றுமாக அதனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெயரிடுவோர்க்கு இல்லை. எனவே வெறும் ஒலிபெயர்ப்பு, பொருளை மட்டுமன்றி ஒலிக்குறிப்பையும் இழக்கிறது. உயிரொலி நீட்டம், இரட்டித்தல், நாமடி ஒலிகள் ஆகியவற்றுள் எவை தமிழ் கேட்போர்க்குப் பருமையை உணர்த்துகின்றன என்பது தனியே ஆராயத்தக்கது. பிக்காச்சு என்னும் பெயரும் மினுங்கற்குறிப்பான 'பிக்கா'வும், எலியின் ஒலியான 'ச்சூ'வும் சேர்ந்ததே. பளிச்சென்றும் கீச்சென்றும் குறிப்புச்சொற்கள் மலிந்த தமிழுக்கு இத்துறையில் வளம் மிகுதி.

8.0 பொருதாடுநரின் நியாயம்

இதுகாறும் கூறியவற்றால் பொருதாடுநரின் தேவை சிறிது என்பது கருத்தன்று. ஒரு வித்தைக்கு ஓரிடத்தில் 'தாக்கு' என்றும் பிறிதோரிடத்தில் 'அடி' என்றும் கூறும் மொழிபெயர்ப்பு கதையில் அழகு தரலாம். இங்குக் கேடு தரும். ஒரு பொருட்கு ஒரு சொல் என்னும் கட்டுப்பாட்டை அவர்கள் கேட்பது முறையே. அக்கட்டுப்பாடும் சொற்பொருளும் முரண்பட்டவை அல்ல. எதிர்பாராது மிகுசேதம் விளைவிக்கும் அடியை ஜப்பானியம் 'கியூஷோ', அஃதாவது உயிர்நிலையில் பட்டது என்கிறது. 2013ஆம் ஆண்டுப் பதிப்புகள் முதல் அதன் சேதம் பொதுவாக ஒன்றரை மடங்கு. இதற்குத் தமிழில் 'வர்மம்' என்னும் சொல் ஆயத்தமாக உள்ளது. கேட்டவுடன் பொருள் விளங்கும். ஒரே எண்ணுக்கு ஒரே சொல்லாகவும் நிற்கும்.

நயந்தாடுநர் பலரும் தமக்கு ஆதரவாகக் காட்டும் கூற்று ஒன்று 1999ஆம் ஆண்டுப் பதிப்புகளில் உள்ளது. 'தீமை' வகை உயிரிகளில் தேர்ந்த கரின் என்னும் பாத்திரம், வலியது எளியது என்பது மனிதரின் தன்னலப் பார்வையே என்றும், மெய்யான திறமையுடையோர் தாம் விரும்பும் உயிரிகளைக் கொண்டு வெல்ல முயல வேண்டும் என்றும் கூறுகிறது. இதனை வெற்றிக்கு எதிரான கூற்றாகக் கொள்வது பாதியை மட்டும் படிப்பதாகும். விருப்பமும் வெற்றியும் அத்தொடரில் ஒருங்கே நிற்கின்றன.

அவ்விரண்டும் களத்தில் ஒருங்கு நின்றதும் உண்டு. 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சே ஜுன் பார்க், அழகுக்காக மட்டுமே விரும்பப்பட்ட பச்சிரிசு என்னும் அணிலுருவ உயிரியைத் தம் அணியில் கொண்டு வாகை சூடினார். எதிரியின் தாக்குதல்களைத் தன்பால் ஈர்த்துத் துணையைக் காப்பதே அதன் பணி. அவ்வித்தையின் ஜப்பானியப் பெயர் 'கொனோ யுபி தோமரே'. ஆட்டத்துக்கு வர விரும்புவோர் இவ்விரலைப் பற்றுக எனச் சிறுவர் விரலுயர்த்தி அழைக்கும் விளி அது. ஆங்கிலமோ 'என்னைப் பின்தொடர்' என்னும் ஏவலாக்கிவிட்டது. எண்ணிக் கணக்கிட்டுத் தேர்ந்த அந்த உத்தியின் பெயருள் சிறுவர் விளையாட்டின் அழைப்பு இருந்தது. ஆங்கிலத்தில் படித்தோர் அதனை அறிய வாய்ப்பில்லை.

9.0 முடிவுரை

நயந்தாடலும் பொருதாடலும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் அல்ல. ஒரே சொல்லை வெவ்வேறு பயன் கருதிப் படிக்கும் இரு முறைகள். இயல்புப் பெயர், மதிப்பீட்டுச் சொல், வகைப்பெயர், வித்தைப் பெயர் ஆகிய நான்கிலும் பொருட்காரணம் காக்கப்பட்ட மூலச்சொல் இருவர்க்கும் பயன்பட்டதையும், அது கைவிடப்பட்ட ஆங்கிலச்சொல் இருவர்க்கும் குறைவு செய்ததையும் கண்டோம்.

போக்கிமான் கோ என்னும் கைப்பேசி விளையாட்டு 2023இல் இந்தியில் வந்துள்ளது. முதன்மைத் தொடர் விளையாட்டுகள் தமிழில் வெளிவரவில்லை. அவை தமிழுக்கு வருங்காலத்து, ஆங்கிலப் பதிப்பை மட்டும் மூலமாகக் கொண்டு பணியாற்றுதல் எளிதாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் தீமை இருளாகவும், 'உதவாது போலும்' என்பது 'உதவாது' எனவும், விரல்பற்றும் அழைப்பு ஏவலாகவும் நம்மிடமும் வந்து சேரும். ஜப்பானிய மூலத்தை நேரே நோக்குவதும், கொரிய, சீன, ஸ்பானியப் பெயர்ப்புகளை உடன்வைத்து ஒப்பிடுவதும், கலைச்சொற்பட்டியலை இருவகை ஆடுநரிடமும் காட்டிக் கருத்தறிந்த பின்னரே உறுதிசெய்வதும் இப்பணியில் மேற்கொள்ளத்தக்கவை.